சென்னையிலிருந்து கோதையாறு: விமானத்தில் எத்தனை நேரம்?

கேள்வி இது: "சென்னையில் இருக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கோதையாறு பக்கம் உள்ள ஒரு காணிப் பழங்குடியினர் குடியிருப்புக்கு ஒரு வேலையாகப் போக வேண்டும். தூரம் 590 கி.மீ., விமான நேரம் 44 நிமிடம் என்று ஓர் இணையதளம் காட்டுகிறது. காலையில் கிளம்பிப் போய், வேலையை முடித்துவிட்டு, அன்று இரவே வீடு திரும்பலாமா?"

தூரமும் நேரமும் கேட்பது போல இருந்தாலும் உங்களுக்கு வேண்டியது அந்தக் கடைசி வரிக்கான விடைதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியும். ஆனால் அதிகாலை விமானம், விமான நிலையத்திலேயே ஏறிக்கொள்ளும் வாடகை வண்டி, மழையில்லாத நாள், இரவு கடைசி நேரத்து விமானம் என்ற நான்கும் அமைய வேண்டும். அமைந்தாலும் குடியிருப்பில் உங்களுக்குக் கிடைப்பது அதிகம் போனால் இரண்டு மணி நேரம்தான். பஸ்ஸை நம்பி அதே நாளில் திரும்ப நினைக்காதீர்கள். இந்தத் தடத்துக்குப் பயணக் கணக்குப் போட்டுப் பழகியவர்கள் விமான நேரத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். கடைசி 20 கி.மீ. எப்படிப் போவது என்பதில் தொடங்கிப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவார்கள். ஏன் அப்படி என்பதுதான் மீதிப் பதில்.

முதலில் அந்த 590-ம் 44-ம் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இரண்டும் பொய்க்கணக்கு அல்ல. சென்னை விமான நிலையம் 12.99 பாகை வடக்கு, 80.17 பாகை கிழக்கு. கோதையாறு போகும் வழியில் உள்ள பேச்சிப்பாறை அணை 8.45 வடக்கு, 77.31 கிழக்கு. வடக்கு தெற்காக 4.54 பாகை வித்தியாசம். ஒரு பாகைக்கு 110.6 கி.மீ. என்றால் 502 கி.மீ. கிழக்கு மேற்காக 2.86 பாகை, நம் அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 109.4 கி.மீ., ஆக 313 கி.மீ. இரண்டையும் பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கில் போட்டால் 590 வந்துவிடும். அதை மணிக்கு 800 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 44 நிமிடம். இப்படிப்பட்ட தளங்கள் செய்வது இவ்வளவுதான். நீங்கள் கேட்ட இடத்தில் ஓடுபாதை இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. கடலுக்கு நடுவே ஒரு புள்ளியைக் காட்டினாலும் விமான நேரம் சொல்லிவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. ஹெலிகாப்டர் இறங்குதளம் கன்னியாகுமரியில் உண்டு, ஆனால் நீங்களும் நானும் டிக்கெட் எடுத்து ஏறும் சேவை எதுவும் இல்லை. 2024 மே 30 அன்று பிரதமர் கன்னியாகுமரி வந்தபோதுகூட திருவனந்தபுரத்தில் விமானத்தை விட்டு இறங்கி, அங்கிருந்து ஹெலிகாப்டரில்தான் வந்தார். நமக்கு அந்த ஹெலிகாப்டரின் இடத்தில் டாக்ஸி, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக நீங்கள் இறங்கக்கூடிய இடங்கள் மூன்று. திருவனந்தபுரம், தூத்துக்குடி வாகைகுளம், மதுரை. மதுரையை விட்டுவிடுங்கள், சென்னையிலிருந்து வானில் 415 கி.மீ. பறந்துவிட்டு நாகர்கோவில் வர 230 கி.மீ.க்கு மேல் தரையில் ஓட வேண்டும், அதற்கே நாலு மணி நேரம். தூத்துக்குடி வானில் ஏறத்தாழ 525 கி.மீ. இந்தத் தடத்தில் நெடுநாளாக ஓடுவது ஏடிஆர் எனப்படும் விசிறி விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான் என்பதால், தூரம் குறைவாக இருந்தும் நேரம் திருவனந்தபுரத்துக்குப் போகும் ஜெட் விமானத்துக்குச் சமமாக, ஒன்றரை மணியை ஒட்டி வரும். வாகைகுளத்தில் ஓடுபாதையை நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்திருக்கிறார்கள், அதனால் பெரிய விமானம் இறங்க வழி உண்டு. உங்கள் தேதிக்கு எந்த ரக விமானம் என்பது டிக்கெட் எடுக்கும்போதே திரையில் தெரியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரம் 615 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. போகும் விமானம் இதை முக்கால் மணியில் முடிக்க வேண்டாமா, டிக்கெட்டில் ஏன் ஒரு மணி இருபதிலிருந்து ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் வரை போட்டிருக்கிறார்கள் என்று கேட்பார்கள். விமானம் தரையை விட்டதும் முழு வேகம் பிடிப்பதில்லை. மேலேறி நிலைக்கு வர 20 நிமிடம் ஆகும், அதற்குள் 200 கி.மீ. போய்விடும். இறக்கமும் ஏறத்தாழ 200 கி.மீ.க்கு முன்பே தொடங்கிவிடும். நடுவில் முழு வேகத்தில் பறப்பது மிச்சமுள்ள 200 கி.மீ. மட்டும். அதனால் வானத்தில் இருப்பதே ஒரு மணி, ஒரு மணி பத்து நிமிடம் ஆகிவிடுகிறது. இதோடு சென்னையில் நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை வரை ஊர்ந்து வரிசையில் நிற்பது 10 முதல் 20 நிமிடம், இறங்கிய பிறகு முனையத்துக்கு வருவது 5 நிமிடம். டிக்கெட்டில் அச்சிட்ட நேரம் சக்கரக் கட்டையை எடுப்பதிலிருந்து மறுபடி கட்டை வைப்பது வரை. தாமதம் ஆனாலும் சொன்ன நேரத்துக்கு வந்ததாகக் காட்ட நிறுவனங்கள் அதில் கொஞ்சம் சேர்த்தும் வைத்திருக்கும். ஆகவே 1 மணி 30 நிமிடம் என்று இருந்தால் 10 நிமிடம் முன்னதாக இறங்குவது அதிசயம் இல்லை.

இன்னொரு வேடிக்கை. திருவனந்தபுரம் விமான நிலையமும் பேச்சிப்பாறையும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. விமானம் உங்களைத் தாண்டிக் கொண்டுபோய்க் கடலோரத்தில் இறக்கும். அங்கிருந்து நேர் கிழக்கே 43 கி.மீ. திரும்பி வர வேண்டும். சாலையில் அது 65 கி.மீ.க்குக் குறையாது. குமரி மக்களுக்கு இது புதிதல்ல. 1956 நவம்பர் 1 வரை இந்த வட்டாரம் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி நிர்வாகத்தில் இருந்தது, 1932-இல் தொடங்கிய அந்த விமான நிலையமும் திருவிதாங்கூரின் தலைநகருக்கானதுதான். எல்லைக்கோடு பிறகு வந்தது, வெளிநாடு போகிறவர்களின் வழி மட்டும் மாறவேயில்லை.

இனி, "கோதையாறு" என்று எதைச் சொல்கிறீர்கள் என்பது. இதில் தவறினால் ஒரு நாள் போச்சு. கீழ் கோதையாறு, மேல் கோதையாறு என்று இரண்டு உண்டு. லோயர், அப்பர் என்றே உள்ளூரிலும் சொல்வார்கள். பேச்சிப்பாறையைத் தாண்டி பஸ் போய் நிற்பது லோயர் கோதையாற்றில், மின் நிலையப் பகுதியில். மேல் கோதையாறு அதற்கு மேலே, ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில். வரைபடத்தில் இரண்டும் ஒட்டினாற்போல் சில கிலோமீட்டர் இடைவெளியில்தான் தெரியும். ஆனால் இரண்டையும் நேராக இணைப்பது மின்வாரியத்தின் விஞ்ச் (கம்பிவடத்தால் இழுக்கப்படும் வண்டி) மட்டும், அது வாரிய ஊழியர்களுக்கும் சாமான்களுக்கும். வெளியாட்கள் ஏறிப் போக முடியாது. சாலை வழியாக மேலே போக வேண்டுமென்றால் மாவட்டத்தை விட்டே வெளியேறி, திருநெல்வேலி மாவட்டத்தில் மணிமுத்தாறு, மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஏற வேண்டும். நாகர்கோவிலிலிருந்து 130 கி.மீ.க்குக் குறையாது, வனத்துறை அனுமதியும் வேண்டும். 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானையைக் கொண்டுபோய் விட்டது அந்த மேல் கோதையாற்றுக் காட்டில்தான் என்றால் இடத்தின் தன்மை புரியும். கைப்பேசி வரைபடத்தில் வெறுமனே "கோதையாறு" என்று தட்டினால் சில நேரம் மேலே உள்ள புள்ளியைப் பிடித்துக்கொண்டு வாகைகுளம், அம்பாசமுத்திரம் என்று வழி சொல்லும். வண்டிக்காரரிடம் "பேச்சிப்பாறை வழி, லோயர் கோதையாறு" என்று சொல்லிவிடுங்கள்.

நீங்கள் போக வேண்டியது காணிக் குடியிருப்பு என்பதால் மேலே உள்ளதாக இருக்க வாய்ப்பில்லை. மோதிரமலை, குற்றியாறு, தச்சமலை, வளையந்தூக்கி, தோட்டமலை, மாறாமலை என்று பெயர்கள் நிறைய, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வழி இல்லை. சிலவற்றுக்குச் சாலையோரத்தில் இறங்கி நடந்தால் போதும். சிலவற்றுக்கு ஜீப் ஏறும் மண்சாலை. தோட்டமலைப் பக்கத்துக்கு அணையின் தண்ணீரைப் படகில் கடப்பதுதான் சுருக்கு வழி. தேர்தலுக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைப் படகில் ஏற்றிக்கொண்டு போகும் படம் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள், அது இந்த அணைதான். மாறாமலை இன்னும் வேறு. அது கீரிப்பாறை பக்கம், அங்கே போக வேண்டியவர் பேச்சிப்பாறைக்கு வந்தால் பாதை தவறிவிட்டார் என்று பொருள். ஊர்ப்பெயரைத் தெரிந்துகொள்ளாமல் டிக்கெட் போடாதீர்கள்.

இப்போது திருவனந்தபுரத்தில் இறங்கியதிலிருந்து பார்ப்போம். அங்கே ஓடுபாதையின் இரு பக்கமும் இரண்டு முனையங்கள், ஒன்று சங்குமுகம் பக்கம், மற்றது சாக்கை பக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலையில் சுற்றித்தான் வர வேண்டும். வண்டிக்காரர் தவறான பக்கம் நின்றால் அரைமணி வீண். டிக்கெட்டில் உள்ள முனைய எண்ணை அவருக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். கேரளப் பதிவெண் டாக்ஸி என்றால் தமிழ்நாட்டுக்குள் வர பெர்மிட் இருக்கிறதா என்று ஏறும் முன் கேளுங்கள். இல்லாதவர் களியக்காவிளையில் இறக்கிவிடுவார், அல்லது அங்கே நின்று பெர்மிட் போடுவார், அந்தக் காசும் உங்கள் தலையில். குலசேகரத்திலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ தமிழ்நாட்டு வண்டியை வரவழைப்பது நல்லது. வெறும் வண்டி ஓடிவரும் கூலி கூடும், ஆனால் மலையோரச் சாலை தெரிந்த ஆள் கிடைப்பார். நகரத்து ஓட்டுநர்கள் பேச்சிப்பாறை வரை வந்துவிட்டு, மேலே மழைக்குழிகளைப் பார்த்ததும் "இதுக்கு மேல வண்டி போகாது சார்" என்று நிறுத்திவிடுவது உண்டு.

விமான நிலையத்திலிருந்து மார்த்தாண்டம் 40 கி.மீ. காலை ஏழரை மணிக்குள் நகரைத் தாண்டிவிட்டால் ஒன்றேகால் மணி நேரம். எட்டரைக்கு மேல் என்றால் பாலராமபுரம் சந்திப்பிலும் நெய்யாற்றின்கரையிலும் நின்று நின்று வர வேண்டும், ஒன்றேமுக்கால் மணி ஆகும். மார்த்தாண்டத்திலிருந்து ஆற்றூர், திருவட்டாறு வழியாகக் குலசேகரம், இன்னொரு அரைமணிக்குக் கொஞ்சம் கூடுதல். வெள்ளறடை, கடையாலுமூடு வழியாக வந்தால் கிலோமீட்டர் குறையும். ஆனால் அது வளைவும் குறுகலுமான சாலை. எதிரே ரப்பர் தடி ஏற்றிய லாரி வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். நேரத்தில் பெரிய லாபம் இல்லை. பஸ்ஸில் என்றால் விமான நிலையத்திலிருந்து தம்பானூர் பஸ் நிலையம் 6 கி.மீ., அங்கிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில் மார்த்தாண்டம், அங்கே மாறிக் குலசேகரம், அங்கே மாறிப் பேச்சிப்பாறை, கோதையாறு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 20 நிமிடம் காத்திருப்பு என்று வைத்தாலும் குலசேகரம் சேர மூன்று, மூன்றரை மணி நேரம்.

தூத்துக்குடி வழி வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. திருநெல்வேலி தாண்டி நாற்கரச் சாலையில் வந்து, நாகர்கோவில் நெரிசலுக்குள் போகாமல், ஆரல்வாய்மொழி–நெடுமங்காடு சாலையைப் பிடித்துப் பூதப்பாண்டி, சுருளகோடு வழியாகக் குலசேகரம் வரலாம். மொத்தத்தில் மூன்று மணி நேரத்தை ஒட்டி ஆகும். எல்லை, பெர்மிட் எதுவும் குறுக்கே வராது.

குலசேகரம்தான் கடைசி ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு எண்ணெய், ஏடிஎம், மருந்துக் கடை, சாப்பாடு எல்லாம் இங்கேயே. இதற்கு மேலே டீக்கடை உண்டு, வயிறு நிறையச் சாப்பாடு உறுதியில்லை. கைப்பேசி சிக்னல் பேச்சிப்பாறை வரை ஓரளவு இருக்கும், ரப்பர் தோட்டமும் காடும் தொடங்கினால் விட்டு விட்டுத்தான். அதனால் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவரிடம் "வந்துட்டு இருக்கேன்" என்று சொல்ல வேண்டியதைக் குலசேகரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை 10 கி.மீ.க்குள், இருபது நிமிடம். பிறகு அங்கே ஜீரோ பாயின்ட் என்று சொல்லும் இடத்திலிருந்து லோயர் கோதையாறு ஏறத்தாழ 15 கி.மீ. இந்தப் பதினைந்துக்குத்தான் நாற்பது நிமிடமா ஒன்றேகால் மணியா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சாலை அரசு ரப்பர் கழகத் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் நடுவே போகிறது. தார் போட்ட வருடம் நன்றாக இருக்கும், இரண்டு மழைக்காலம் போனால் ஜல்லி எழும்பிவிடும். காலையில் பால்வெட்டுக்குப் போகிற தொழிலாளர்களும், மாலை மங்கிய பின் யானையும் இதே சாலையில்தான். ஐந்து மணிக்குள் பேச்சிப்பாறைக்குக் கீழே இறங்கிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருசக்கர வண்டியில் போகிறவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மழைக்காலத்தில் கணக்கை மாற்றுவது தரைப்பாலம். குற்றியாறு, மோதிரமலைப் பக்கத்துத் தரைப்பாலங்கள் ஆற்றுமட்டத்தை ஒட்டி இருப்பவை. மேலே காட்டில் கனமழை பெய்தால் கீழே வெயிலடித்தாலும் அவை மூழ்கிவிடும், பஸ் அதோடு திரும்பிவிடும். மலையாறு என்பதால் மழை விட்டதும் சில மணி நேரத்தில் வடியும். உங்கள் திரும்பும் விமானம் அதுவரை நிற்காது. குமரியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு என்று இரண்டு பருவமும் உண்டு, ஆக வருடத்தில் ஏழு மாதம் இந்த அபாயம் இருக்கிறது. "திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை" என்ற செய்தி வந்தால் வட்டாரத்தில் தண்ணீர் அதிகம் என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். திற்பரப்பு அணைக்குக் கீழே இருக்கிறது, தரைப்பாலங்கள் அணைக்கு மேலே. அணை நிரம்பாத நாளில் அருவி சாதுவாக இருக்கும்போதே மேலே பாலம் மூழ்கிக் கிடக்கும். முந்தின நாள் மாலை குடியிருப்பில் ஒருவரையோ குலசேகரம் பேருந்து நிலையத்தையோ கேட்பதுதான் நம்பகமான வழி.

படகுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. பேச்சிப்பாறையின் முழு ஆழம் 48 அடி. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் உள்வாங்கிவிடும், அப்போது படகு கரை சேரும் இடம் தள்ளிப்போகும், சேற்றிலும் மேட்டிலும் கூடுதலாக நடக்க வேண்டும். காற்றும் மழையும் இருந்தால் படகு எடுக்கமாட்டார்கள். அச்சிட்ட கால அட்டவணை கிடையாது. ஆள் சேர்ந்தால் கிளம்பும். மாலையில் திரும்பக் கொண்டுவந்து விட ஆள் உண்டா என்று போகும்போதே பேசிவைத்துவிட்டு ஏறுங்கள்.

வனத்துறை அனுமதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாளைத் தீர்மானிப்பதில் அதற்கும் பங்கு உண்டு. பஸ் போகும் பொதுச்சாலை வேறு. அதிலிருந்து விலகிக் காட்டுக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்கு வெளியாட்கள் போவதென்றால், குறிப்பாகக் கூட்டமாகவோ கேமராவோடோ முகாம் நடத்தவோ போனால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். அது ஒரே நாளில் கையில் வரும் என்று திட்டமிடாதீர்கள். சோதனைச் சாவடியில் நிறுத்தித் திருப்பி அனுப்பினால் சென்னையிலிருந்து பறந்து வந்தது யாருக்கும் ஒரு காரணமாகத் தெரியாது.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கலாம். காலை ஆறு மணியை ஒட்டிய விமானம் என்றால் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டி வாங்கும் கவுன்டரை மூடிவிடுவார்கள். ஆக நாலரைக்குள் சென்னை விமான நிலையத்தில், அதாவது மூன்றரை மணிக்கு வீட்டை விட்டு. ஏழரைக்கு இறங்கினால், பெட்டி எதுவும் போடவில்லை என்றால் ஏழே முக்காலுக்கு வண்டியில். ஒன்பதேகால், ஒன்பதரைக்கு மார்த்தாண்டம். பத்தேகாலுக்குக் குலசேகரம். பதினொன்றரைக்கு லோயர் கோதையாறு. அங்கிருந்து குடியிருப்புக்கு நடையோ ஜீப்போ அரைமணி முதல் ஒரு மணி வரை. ஆக பன்னிரண்டு, பன்னிரண்டரை. திரும்ப, இரவு எட்டரை மணியை ஒட்டிய விமானம் என்றால் ஆறரைக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். மாலை நெரிசலுக்காகக் குலசேகரத்தை நாலு மணிக்கு விட வேண்டும். லோயர் கோதையாற்றை இரண்டரை, இரண்டே முக்காலுக்கு. குடியிருப்பில் இருந்தது அதிகம் போனால் இரண்டு மணி நேரம், வாசலுக்கு வாசல் மொத்தம் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். அந்த 44 நிமிடம் இதில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

இதோடு ரயிலை ஒப்பிடுங்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் மாலை ஏறினால் மறுநாள் அதிகாலை நாகர்கோவில் சந்திப்பு. அங்கேயே முகம் கழுவி, முதல் பஸ்களில் தக்கலை வழியாகக் குலசேகரம் வந்தால் ஏழரை, எட்டு மணி. வண்டி பேசினால் ஏழுக்கே. ஒன்பது, ஒன்பதரைக்கு லோயர் கோதையாறு. விடியற்காலை விமானத்தில் வந்தவர் அப்போது மார்த்தாண்டத்தில் நின்றுகொண்டிருப்பார். மாலை திரும்பும் அதே வண்டி ஆறு மணியை ஒட்டி நாகர்கோவிலைக் கடக்கும். அதைப் பிடிக்க இரண்டரைக்கு இறங்கினாலும் மேலே நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் கிடைக்கிறது. வேலை நீண்டால் கூடுதலாக ஓர் இரவு தங்குவதைத் தவிர நஷ்டம் இல்லை. மார்த்தாண்டம் பக்கம் இறங்க நினைப்பவர்கள் அனந்தபுரி எக்ஸ்பிரஸில் குழித்துறை வரை வரலாம். ஆனால் அது விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் வரும். 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய நாகர்கோவில் வந்தே பாரத் ஒன்பது மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும், சுகமான வண்டி. ஆனால் காலை ஐந்துக்குக் கிளம்பி மதியம் இரண்டை ஒட்டிச் சேர்வதால், அன்றே மலையேற நினைப்பவருக்குப் பயன்படாது. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் முன்புதான் திறக்கிறது, தென்மாவட்ட வண்டிகள் அன்றே நிரம்பிவிடும். ஏறும் நிலையம் எழும்பூரா தாம்பரமா என்பதையும் டிக்கெட்டில் ஒருமுறை பாருங்கள்.

இதில் எவற்றை நம்பலாம்? வான்தூரங்கள் மாறாதவை. விமானம் பறக்கும் நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் பிசகாது. மார்த்தாண்டம் வரையான சாலை நேரம் அரைமணி முன்பின் ஆகலாம். பேச்சிப்பாறைக்கு மேலே நான் சொன்ன ஒவ்வொரு நேரமும் காய்ந்த நாளுக்கானது. மழை நாளில் அதை இரண்டால் பெருக்கினாலும் போதாமல் போகலாம். விமான, ரயில், பஸ் புறப்பாட்டு நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறுகிறவை. அதனால்தான் எண்களை "ஒட்டி" என்று எழுதியிருக்கிறேன், பயணத்துக்கு முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்க்காரர்கள் பலரும் எதிர்பாராத ஒன்று மிச்சமிருக்கிறது. வருடத்தில் இரண்டு முறை, ஐப்பசியிலும் பங்குனியிலும், திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அன்று பிற்பகல் நாலு மணி அளவிலிருந்து இரவு ஒன்பது வரை விமானப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் திட்டமிடும் மாலை விமானம் சரியாக அந்த நேரத்தில் வருவது. அக்டோபர்–நவம்பரிலோ மார்ச்–ஏப்ரலிலோ போவதாக இருந்தால் ஆறாட்டுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலையில் சொல்வதென்றால், ரயிலில் போய் விமானத்தில் திரும்புங்கள். இரவு ரயிலில் வந்தால் ஒன்பதரைக்குள் லோயர் கோதையாறு சேர்ந்துவிடலாம், இரண்டரைக்கு இறங்கினால் இரவு விமானம் கிடைக்கும், பதினொன்றுக்குச் சென்னையில் இருப்பீர்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை என்றால் திரும்பும் விமானத்தை மறுநாள் காலைக்குப் போட்டு, அன்றிரவு மார்த்தாண்டத்தில் தங்குங்கள். குடியிருப்பின் பெயரையும் போகும் மாதத்தையும் எழுதினால், லோயர் கோதையாற்றுக்குப் பிறகு நடையா, ஜீப்பா, படகா என்பதையும் சேர்த்து நேரத்தைத் திருத்திச் சொல்லலாம்.